ஜெனிசிஸ்: எந்த இடத்தில் உடைந்தது?

ஜெனிசிஸ் குழுவின் சிறந்த ஆல்பம் எது என்று அதன் ரசிகர் யாரிடமாவது கேட்டால், பதிலுக்கு முன்னால் ஓர் எதிர்க்கேள்வி வந்து நிற்கும்: "எந்த ஜெனிசிஸ்?" அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்கள் 1967இல் தொடங்கிய குழு அது. 1969 முதல் 1997 வரை 15 ஸ்டுடியோ ஆல்பங்கள். இருபத்து மூன்று நிமிடப் பாட்டுக்குப் பேர்போன அதே குழுதான், 1986இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த மூன்றரை நிமிடப் பாட்டையும் தந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தப் பார்க்கிறார்கள் ரசிகர்கள். பல பத்தாண்டுகளாகியும் முள் நடுவில் நிற்கவில்லை.

வழக்கமான பிரிவினை எளிது. பீட்டர் கேப்ரியல் பாடிய 1975 வரையிலான காலம் ஒரு கட்சி. டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் பாடகரான பிறகு வந்ததெல்லாம் எதிர்க்கட்சி. கேப்ரியல் கட்சிக்காரர்களின் உள்சண்டை 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972), 'செல்லிங் இங்கிலாண்ட் பை த பவுண்ட்' (1973), 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) ஆகிய மூன்றுக்குள் நடக்கும். எதிர்த்தரப்பு 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' (1976), 'டியூக்' (1980) என்று பட்டியல் போடும். காலின்ஸும் விலகிய பின் ரே வில்சன் பாடி வந்த 1997 ஆல்பத்துக்காக வாதாட அநேகமாக யாரும் முன்வருவதில்லை.

பாடகரை வைத்துக் கோடு கிழிக்கும் இந்தப் பழக்கம் தவறு என்பது என் துணிபு. குரல்தான் முதலில் காதில் விழுகிறது. அது மாறினால் எல்லாமே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. இந்த இசை யார் கையில், எப்படி உருவானது என்று பார்த்தால் கோடு வேறு இடத்தில் விழும்.

'ஃபாக்ஸ்ட்ராட்'டின் இரண்டாம் பக்கத்தைப் பெரும்பாலும் நிறைக்கும் 'சப்பர்ஸ் ரெடி'யை எடுத்துக்கொள்வோம். ஏழு பகுதிகள் கொண்ட பாட்டு. ஆறாவது பகுதியின் பெயர் 'அபோகலிப்ஸ் இன் 9/8'. தாளம் பெயரிலேயே இருக்கிறது. மைக் ரதர்ஃபோர்டும் காலின்ஸும் ஒன்பதை மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து, விடாமல் அடித்துக்கொண்டே போகிறார்கள். சங்கீர்ண நடை கேட்டுப் பழகிய காதுக்கு ஒன்பது புதிதில்லை. புதுமை அதற்கு மேலே நடக்கிறது. டோனி பேங்க்ஸின் ஆர்கன் பல இடங்களில் அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் நாலு எண்ணிக்கையில் ஓடுகிறது. இரண்டும் உரசும், விலகும், எதிர்பாராத இடத்தில் வந்து சேரும். கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

இந்தப் பகுதி அந்த மூவரும் சேர்ந்து வாசித்து உருவாக்கியது. தன் ஆர்கனுக்கான இடம் என்று பேங்க்ஸ் நினைத்திருந்த இடத்தில் கேப்ரியல் நுழைந்து பாடினார். முதலில் எரிச்சலாக இருந்தது, சில நொடிகளிலேயே அந்த எரிச்சல் உற்சாகமாகிவிட்டது என்று பேங்க்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் 666 என்ற எண்ணோடு அந்தக் குரல் எழும் இடம்தான் பாட்டின் சிகரம். கேப்ரியல் கட்சி இதை அவருடைய வெற்றியாக மட்டும் எண்ணுகிறது. அந்தக் குரல் ஏறி நிற்கும் உயரத்தை அந்த மூவரும் நிமிடக்கணக்கில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். எதிர்க்கட்சித் தலைவராகப் பார்க்கப்படும் காலின்ஸ் அங்கே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டின் 'செல்லிங் இங்கிலாண்ட்'இல் வரும் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' இன்னும் தெளிவான சாட்சி. ஒரு நிமிடத்துக்கும் மேல் பேங்க்ஸின் பியானோ மட்டும். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தாலும் ஓட்டம் எங்கும் தட்டுவதில்லை. பாட்டின் நடுவில் கேப்ரியலின் புல்லாங்குழல் ஒரு மெட்டை மெல்லத் தொட்டுவிட்டுப் போகிறது. சற்று நேரம் கழித்து அதே மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிடார் எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நிறுத்தி, வானளவு விரிக்கிறது. கிடார் ரசிகர்கள் இதை ஹாக்கெட்டின் உச்சம் என்பார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. மெட்டு பேங்க்ஸுடையது. அதைக் காற்றில் முதலில் விட்டவர் கேப்ரியல். இதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது? 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' வரும்வரை பாடல்களைக் குழு முழுவதின் பெயரிலேயே வெளியிட்டார்கள். யார் எதைச் செய்தார் என்று ரசிகர்கள் ஊகித்து அடித்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

'செல்லிங் இங்கிலாண்ட்' பற்றி இன்னொரு தீராத வழக்கு உண்டு. ஒரே எல்பி தட்டில் சுமார் 53 நிமிட இசை. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டித் திணிக்கத் திணிக்க வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும். இதன் இரண்டாம் பக்கமோ 28 நிமிடம். எதை நீக்கியிருக்கலாம்? பேங்க்ஸுக்கு 'ஆஃப்டர் தி ஆர்டீல்' பிடிக்கவில்லை. எனக்கோ 'த பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்'தான் உறுத்துகிறது. ஏற்கெனவே நெருக்கமான இசைமீது அதைவிட நெருக்கமாகச் சொற்களை அடுக்கியிருப்பதால் இரண்டுமே காதில் தங்குவதில்லை. முதல் பக்கத்தில் அந்தச் சங்கடம் இல்லை. குழுவின் மொத்த ஆல்பங்களிலும் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

'த லாம்ப்' இரட்டை ஆல்பம். நியூயார்க்கின் தெருக்களில் திரியும் ரேல் என்ற இளைஞனின் கதை. வரிகள் அநேகமாக முழுவதும் கேப்ரியலே எழுதியவை. மற்றவர்கள் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் இசையை வளர்த்துக்கொண்டிருந்தபோது அவர் தனியே எழுதிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளி ஆல்பத்தில் கேட்கிறது. 'ஃப்ளை ஆன் எ விண்ட்ஷீல்ட்', 'த கார்ப்பெட் க்ராலர்ஸ்' போன்றவற்றில் கதையும் இசையும் கைகோத்துப் போகின்றன. நாலாம் பக்கத்துக்கு வரும்போது கதை இசையைப் பிடித்து இழுக்கிறது. மேடையில் இதை முழுதாக, ரசிகர்கள் இன்னும் கேட்டே இராத நிலையிலும் வாசித்தார்கள். 'ஸ்லிப்பர்மேன்' வேடத்தில் உடம்பெல்லாம் புடைப்புகளோடு வந்த கேப்ரியலால் மைக்கை வாயருகே கொண்டுபோகக்கூட முடியவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தோடு அவர் விலகினார்.

பாடகரை வைத்துக் கோடு போடுகிறவர்களின் கணக்குப்படி இங்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பல பாடகர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் காலின்ஸே பாடினார். 1971இலேயே ஒரு பாட்டும் 1973இல் ஒரு பாட்டும் முன்னின்று பாடியவர்தான் அவர். 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' தொடங்கும் 'டான்ஸ் ஆன் எ வால்கேனோ' ஏழு எண்ணிக்கையில் நொண்டி நடக்கிறது. பேங்க்ஸின் சுரக்கூட்டுகள், ஹாக்கெட்டின் தழுதழுப்பு, பாட்டுக்குள் பாட்டாகக் கதவு திறக்கும் கட்டமைப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிரிட்டனில் 'செல்லிங் இங்கிலாண்ட்' தொட்ட மூன்றாம் இடத்தையே இதுவும் தொட்டது.

அடுத்து 'விண்ட் அண்ட் வதரிங்'. இதில் ஹாக்கெட்டும் காலின்ஸும் எழுதிய 'பிளட் ஆன் த ரூஃப்டாப்ஸ்' இருக்கிறது. நைலான் தந்தி கிடாரின் தனித்த முன்னுரையும், தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் சலித்த இங்கிலாந்தும் சேர்ந்த அந்தப் பாட்டு, பட்டியல்களில் இன்னும் மேலே இருக்க வேண்டியது. ஆனால் உள்ளே நெருக்கடி முற்றியிருந்தது. ஹாக்கெட்டின் 'ப்ளீஸ் டோன்ட் டச்' நிராகரிக்கப்பட்டது. 'இன்சைட் அண்ட் அவுட்' ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் 1977இல் ஒரு சிறு தட்டுக்குப் போனது. அதே ஆண்டு ஹாக்கெட் போய்விட்டார்.

என் கோடு இங்கேதான் விழுகிறது: 1975இல் இல்லை, 1977இல். நான்கைந்து பேர் ஒரே இடத்துக்கு மோதிக்கொண்டிருந்தவரை ஒருவர் கொண்டுவந்த துண்டும் இன்னொருவர் துண்டும் ஒட்டப்பட்டே ஆக வேண்டியிருந்தது. நெடும்பாட்டுகள் அப்படிப் பிறந்தவை. மூவரான பிறகு அந்த மோதல் குறைந்தது. 1978இன் ஆல்பத்தில் பதினோரு பாட்டுகள், மிக நீளமானதே ஏழு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அவற்றில் 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' வானொலியைப் பிடித்தது.

பிறகு வந்தவற்றை எல்லாம் பணத்துக்காகச் செய்த துரோகம் என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. 'ஆபகாப்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கூட்டம் கூச்சலிட்டதுண்டு. அந்தக் கோபத்தில் இசையைவிட உரிமை கோரும் மனமே அதிகம். கலைஞர்களிடம் அந்தப் பகை இல்லை. வோமேட் என்ற இசை விழாவால் கேப்ரியல் கடனில் சிக்கியபோது, 1982 அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் மைதானத்தில் கொட்டும் மழையில் அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். கடைசிப் பாட்டுகளுக்கு ஹாக்கெட்டும் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கர்நாடக வயலின் கலைஞர் எல். சங்கர், காலின்ஸின் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ'விலும் கேப்ரியலின் தனி ஆல்பமான 'பேஷன்'இலும் வாசித்திருக்கிறார் என்பதையும் நம் ரசிகர்கள் அறிந்திருப்பது நல்லது.

கடைசியாக 'டியூக்'. பிரிட்டனில் அவர்களுக்கு முதல் முதலிடம் வாங்கித் தந்த ஆல்பம். இதற்குள் ஒரு நெடும்பாட்டு ஒளிந்திருக்கிறது. ஆறு பாட்டுகள் முதலில் ஏறத்தாழ முப்பது நிமிட ஒற்றைப் படைப்பாகத்தான் உருவாயின. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிட்டுவிடுவார்கள் என்ற தயக்கத்தில் பிரித்துப் போட்டார்கள். மேடையில் மட்டும் 1980இல் சேர்த்தே வாசித்தார்கள். ஒரு காலத்து நட்சத்திரத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் டிரம் மெஷினின் மெலிந்த துடிப்பின் மேல் சொல்லும் 'டச்சஸ்' அதில் உண்டு. பதின்மூன்று எண்ணிக்கையில் ஓடியும் வானொலியில் வெற்றி பெற்ற 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' உண்டு. காலின்ஸ் காலத்தில் ஒன்றுமே இல்லை என்பவர்கள் 'பிஹைண்ட் த லைன்ஸ்', 'டச்சஸ்', 'கைட் வோகல்', 'டர்ன் இட் ஆன் அகெய்ன்', 'டியூக்ஸ் டிராவல்ஸ்', 'டியூக்ஸ் எண்ட்' என்ற வரிசையில் ஒருமுறை இடைவிடாமல் கேட்டுவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.