விட்ட பந்துக்கு யார் கை தட்டுவது?

டெண்டுல்கர் ஆடியதில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். 1998-ல் ஷார்ஜா மணல் புயல் என்பார் ஒருவர். 1999-ல் சேப்பாக்கத்தில் முதுகுவலியோடு பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 136 என்பார் இன்னொருவர். என் ஓட்டு 2004 ஜனவரியில் சிட்னியில் எடுத்த 241-க்கு. அழகான ஆட்டமா என்றால், இல்லை. பத்து மணி நேரத்துக்கு மேல், 436 பந்து. பார்த்தவர்களில் பாதிப் பேர் நடுவில் எழுந்து காபி போடப் போயிருப்பார்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். கவர் டிரைவ். அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருகிற, சின்னப் பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று பழகிய அதே ஷாட். அதை அன்றைக்கு அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

காரணம் இருந்தது. அந்தத் தொடரில் அதுவரை அவர் எடுத்தவை 0, 1, 37, 0, 44. அடிலெய்டில் வெளியே போன பந்தைத் துரத்திப்போய் விக்கெட் கீப்பரிடம் காட்ச். சரி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வருவதைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார். ஆஸ்திரேலியர்கள் அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். விட்டார். மறுபடி போட்டார்கள். விட்டார். கடைசியில் அவர்களுக்கு அலுத்துப்போய்க் காலுக்கு நேராகப் போட்டார்கள். லெக் பக்கம் தட்டினார். ஆட்டம் இழக்காமல் 241. இந்தியா 7 விக்கெட்டுக்கு 705.

மோகன ராகத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. அவை இல்லாததால்தான் அது மோகனம். சிட்னி ஆட்டமும் அந்த ஜாதி. வித்வானுக்குத் தெரியாத ஸ்வரம் இல்லை. தெரிந்தே தொடாமல் விட்ட ஸ்வரம்.

இந்த 'தொடாமல் விடுவதை' ஒரு சாஸ்திரமாகவே எழுதி வைத்த மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். டெட் வில்லியம்ஸ். பேஸ்பால் ஆட்டக்காரர். பயப்படாதீர்கள், பேஸ்பால் ரொம்பச் சுலபம். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, 17 அங்குல அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னல் வழியாக வந்த பந்தை விட்டால் அது ஒரு குற்றம். வீசித் தவறினாலும் குற்றம். மூன்று குற்றம் சேர்ந்தால் அவுட். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வந்த பந்தை நான்கு முறை சும்மா பார்த்துக்கொண்டு நின்றால், முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போகலாம். அதற்குப் பேரே 'வாக்'. சும்மா இருந்ததற்குச் சம்பளம்!

வில்லியம்ஸ் 1970-களின் தொடக்கத்தில் 'தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு படம் உண்டு. அந்த ஜன்னலை 77 பந்துகளால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் வந்தால் என் சராசரி .400, இந்தக் கீழ் ஓரத்தில் வந்தால் வெறும் .230 என்று. ஊரே கொண்டாடிய ஒரு மனிதர் தன் பலவீனத்துக்கு இப்படி விலாசம் எழுதி, அச்சிட்டு, விலைக்கும் விற்றது எனக்கு ஆச்சரியம். நம் ஆட்களின் சுயசரிதைகளில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

அவர் உபதேசம் ஒற்றை வரியில் அடங்கும்: நல்ல பந்துக்குக் காத்திரு. காத்திருந்தவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். 2,021 முறை இலவசமாக நடந்தார். அதே மனிதர் 521 ஹோம் ரன்னும் அடித்தார். இரண்டையும் செய்தது ஒரே கண்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். காத்திருக்க நேரம் ஏது? பேஸ்பாலில் வேகமான பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 செகண்ட். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகப் பந்துக்கும் அரை செகண்ட் கிடையாது. அதற்குள் பார்த்து, யோசித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, கையையும் நகர்த்தியாக வேண்டும். 'பந்து மேல கண்ணு வைடா' என்று எல்லா கோச்சும் சொல்வார்கள். 2000-ம் ஆண்டில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பேட்ஸ்மேன் தலையில் காமிரா மாட்டிப் பார்த்தார்கள். நல்ல ஆட்டக்காரர் பந்தை முழுக்கப் பார்ப்பதே இல்லை. கையிலிருந்து கிளம்பும்போது பார்க்கிறார். உடனே கண் தாவி, பந்து எங்கே குத்தப் போகிறதோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. சுமாரான ஆட்டக்காரருக்கு இந்தத் தாவல் கொஞ்சம் தாமதம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதாவது, அங்கே நடப்பதில் பாதி பார்வை, பாதி ஊகம். அந்த ஊகம் சும்மா வருவதில்லை. 1998 மார்ச்சில் ஷேன் வார்ன் சென்னைக்கு வந்தபோது, டெண்டுல்கர் அதற்கு முன்பே லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச்சைக் கிளறிவிடச் சொல்லி, நம் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை ரவுண்ட் த விக்கெட் வீசச் சொல்லிப் பழகினார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடமே அவுட். இரண்டாவதில் 155, நாட் அவுட். பயிற்சியில் பார்த்த பந்து மேட்ச்சில் வந்தது. முன்பே ஒருமுறை சந்தித்த பந்தைத்தான் விடலாமா, அடிக்கலாமா என்று தேர்ந்தெடுக்க முடியும். புதுப் பந்தைக் கண்டால் பதற்றம்தான் மிஞ்சும்.

என் குறை ஆட்டக்காரர்கள் மேல் இல்லை. நம் மேல்தான்.

பேஸ்பாலிலேயே, இலவசமாக நடந்ததை பேட்டிங் சராசரியில் சேர்க்க மாட்டார்கள். அதனால் நடக்கத் தெரிந்த ஆட்டக்காரர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். காசில்லாத ஓக்லண்ட் அணி இதைக் கண்டுகொண்டு அவர்களை வாங்கிப் போட்டது. 2002-ல் தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. மைக்கேல் லூயிஸ் இதை 'மனிபால்' என்று 2003-ல் புத்தகமாக எழுதினார். பிராட் பிட் நடித்துப் படமாகவும் வந்தது. எண்ணாமல் விட்டதற்கு விலை இல்லை; எண்ண ஆரம்பித்ததும் விலை ஏறிவிட்டது.

நம் ஸ்கோர் கார்டில் விட்ட பந்துக்கு ஒரு புள்ளி. தடுத்தாலும் புள்ளி, தடவித் தவறினாலும் அதே புள்ளி. மூன்றும் ஒன்றா? ரேடியோ காலத்தில் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் தமிழில் வர்ணித்தபோது, படம் இல்லாததால் விட்ட பந்தையும் வாயால் சொல்லியாக வேண்டியிருந்தது. அதனால் அதுவும் ஒரு சம்பவமாக இருந்தது. இப்போது ஹைலைட்ஸில் முதலில் கத்தரி விழுவது அங்கேதான்.

புஜாராவைப் பாருங்கள். 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் 1,258 பந்துகளை எதிர்கொண்டு 521 ரன் எடுத்து, அங்கே முதன்முதலாகத் தொடரை ஜெயிக்க வைத்தார். 2021 ஐபிஎல் ஏலத்தில் சென்னை அணி அவரை 50 லட்சத்துக்கு எடுத்தபோது அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த சீசனில் ஒரு மேட்ச்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. மரியாதை உண்டு, வேலை இல்லை!

இதையெல்லாம் கிளறிவிட்டது உச்சிப்புளியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதிய கடிதம். டென்னிஸ் பந்தில் எட்டு ஓவர் மேட்ச். இவர் ஓப்பனிங். வெளியே போன இரண்டு பந்தை விட்டிருக்கிறார். 'வேடிக்கை பாக்கவாடா போன?' என்று கேப்டன் திட்டி, அடுத்த மேட்ச்சில் உட்கார வைத்துவிட்டார். 'விடுவதும் ஆட்டம்தானே சார்?' என்று கேட்கிறார்.

தம்பி, கேப்டன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எட்டு ஓவர் என்றால் 48 பந்து. பின்னால் ஒன்பது பேர் பேடுகூடக் கட்டாமல் காத்திருக்கிறார்கள். டெண்டுல்கருக்கு இரண்டு நாள் இருந்தது, உங்களுக்கு அரை மணி. அங்கே விட்ட ஒவ்வொரு பந்துக்கும் விலை அதிகம்.

ஆனால் விலை அதிகம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களா? பால்க் விரிகுடா ஒரு பக்கம், மன்னார் வளைகுடா ஒரு பக்கம் என்று இரண்டு கடலுக்கும் நடுவில் உங்கள் ஊர். காற்றில் டென்னிஸ் பந்து எப்படி விலகும் என்று உங்களுக்கே தெரியும். அதைத் துரத்திப்போய்க் கொடியேற்றினால் போவது பந்து இல்லை, விக்கெட். உங்கள் ஊர் கடற்படை விமானதளத்துக்குப் பேரே 'பருந்து'. பருந்து வட்டமடிப்பதை யாராவது சோம்பேறித்தனம் என்பார்களா? ஆனால் ஒன்று, அது வட்டமடித்துக்கொண்டே இருந்துவிட்டால் பட்டினிதான். வில்லியம்ஸின் பாடத்தில் விடுவது பாதி. தன் இடத்தில் வந்ததைத் தயங்காமல் வெளுப்பது மீதிப் பாதி. நீங்கள் இரண்டு பந்தை விட்டது தெரிகிறது. மூன்றாவதை என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லையே!

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்களுக்கும் ஒரு ஜன்னல் வரையுங்கள். 77 வேண்டாம், ஒன்பது கட்டம் போதும். பத்து மேட்ச்சுக்கு எந்தக் கட்டத்தில் வந்த பந்தை என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள். எங்கே அடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அதுவே சொல்லும். பிறகு கேப்டனிடம் காட்டுங்கள்.

அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்றால், அதுவும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்துதான். விட்டுவிடுங்கள்.