இயக்குநர் என்னும் ஒற்றைப் பெயர்

ஓர் இயக்குநரின் படங்களை ஒருசேர வைத்து, நாவலாசிரியர் ஒருவரின் நூல்களைப் படிப்பதுபோல, அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் கருப்பொருளையும் காட்சியமைப்பையும் ஒரே மனத்தின் வெளிப்பாடாகக் காணும் திறனாய்வு முறை படைப்பாளிக் கோட்பாடு எனப்படும். திரைக்கதையாசிரியர் எழுதித் தந்ததற்குப் படம் சேர்ப்பவராக மட்டும் இயக்குநர் சுருங்கிவிட்டதைக் கண்டித்து, 1954இல் பிரான்சுவா த்ரூஃபோ 'கஹியே து சினிமா' இதழில் எழுதிய கட்டுரை இதற்கு வித்திட்டது. 1962இல் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இதனை அமெரிக்காவில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்.

இம்முறையால் விளைந்த நன்மை பெரிது. வணிகப் படமெடுப்பவர் என்று ஒதுக்கப்பட்ட ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், ஹோவர்ட் ஹாக்ஸ் போன்றோரைக் கலைஞர்களாக மதிக்கச் செய்ததும், கதைச்சுருக்கம் எழுதிப் பழகிய விமர்சகரைச் சட்டகம், அசைவு, ஒளி ஆகியவற்றின்பால் திருப்பியதும் இதுவே. 1958இல் கலவையான வரவேற்பையே பெற்ற 'வெர்டிகோ', 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றதில் இத்தகைய வாசிப்புக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் அதே படத்தில், உயரத்தின் அச்சத்தைக் காட்டப் பின்னணி விரிந்து விலகுவதாகத் தோன்றும் புகழ்பெற்ற காட்சி உத்தியை வடிவமைத்தவர் இரண்டாம் குழுவின் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ் என்பதும், அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை என்பதும் இம்முறையின் ஊனத்தைக் காட்டுகின்றன. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) இன்னும் தெளிவான சான்று. காசி வீட்டின் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே அமைக்க வேண்டியிருந்தபோது, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற மென்னொளியைத் தளத்தில் உண்டாக்க இயலாதென்று முதலில் வாதிட்ட ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, பின்னர் முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சித் திருப்பிப் பெற்ற ஒளியில் படமெடுத்தார். அவ்வொளியை 'ராயின் மனிதநேயப் பார்வை' என்று மட்டும் எழுதும் விமர்சகர், கண்ணெதிரே உள்ள உழைப்பைக் காணத் தவறுகிறார். பின்னாளில் இசையையும் ஒளிப்பதிவுக் கருவியையும் தாமே கையாண்ட ராய் இக்கோட்பாட்டுக்கு வேறு எவரையும்விடப் பொருந்துபவர். அவருடைய படத்திலேயே இது குறைப்படுகிறதென்றால் பிறர் படங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனினும் கேடானது, பெயரைக் கொண்டே தரத்தை முடிவுசெய்வது. பெரிய இயக்குநரின் சோர்ந்த படமும் உயர்ந்ததே என்னும் போக்கு குறித்து, த்ரூஃபோவின் ஆசானான ஆந்த்ரே பஸான் 1957இலேயே 'கஹியே து சினிமா' இதழில் எச்சரித்தார். ஒருவரின் தனிமுத்திரை தெரிவதே சிறப்பாகிவிடுமா என்று விமர்சகர் பாலின் கேல் 1963இல் சாரிஸை மறுத்தெழுதினார். மூத்த எழுத்தாளரின் தளர்ந்த நாவலை முந்தைய புகழால் முட்டுக்கொடுத்து மதிப்புரை எழுதும் இலக்கிய வழக்கமும் இதே பிழையைச் செய்கிறது.

இயக்குநரின் பெயர் படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று காட்டப் போதுமானது. படத்தின் மதிப்பை நிறுவ அது சான்றாகாது.