கேட்கும் குழந்தைகள்

குழந்தைகளும் விலங்குகளும் பறவைகளும் துள்ளும் ஓவியங்களால் பெயர் பெற்றவர் ஆலந்து நாட்டு ஓவியர் காரல் ஆப்பெல். 1949இல் ஆம்ஸ்டர்டாம் நகரமன்ற உணவுச்சாலைச் சுவரில் அவர் தீட்டியது 'கேட்கும் குழந்தைகள்'. உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் இரயில் நிலையங்களில் இரந்து நின்ற சிறாரே அதன் கரு. கட்டை போன்ற உடல், அகன்ற கண், முரட்டு நிறம். உண்ண வந்த அலுவலர் முறையிட்டனர். ஓவியம் பத்தாண்டுகள் மறைக்கப்பட்டது.

'இதைச் சிறுபிள்ளையும் வரையுமே' என்பாருளர். பசித்த பிள்ளையின் நிலையை அப்பிள்ளையின் கோட்டாலன்றி வேறெதனால் காட்டுவது? அழகுபடுத்தியிருந்தால் அலுவலர் கவலையின்றி உண்டிருப்பர். தலைப்பிலுள்ள டச்சுச் சொல், தமிழின் 'கேட்டல்' போலவே, இரத்தலையும் வினவுதலையும் குறிக்கும். சுவரை மூடியோர் இரந்த கையை மட்டும் மறைக்கவில்லை, வினாவையும் தட்டிக்கழித்தனர்.