மரபுக்குக் காவல் யார்?

கொள்கைத் தகராறு என்றால் அது பெரும்பாலும் இறையியல் நூல்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். வழிபாட்டுத் தகராறு கோயில் வாசல்வரை வந்துவிடுகிறது. மூவொரு கடவுளைப் பற்றிய நுட்பமான விளக்கம் ஒரு விசுவாசிக்கு எட்டாமல் போகலாம். குரு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார், எந்த மொழியில் செபிக்கிறார், நற்கருணையை நாவில் தருகிறாரா கையில் தருகிறாரா என்பவையெல்லாம் ஞாயிறுதோறும் அவர் கண்முன்னே நடப்பவை. கடந்த அரை நூற்றாண்டாக லத்தீன் பூசையை முன்னிட்டு உரோமைக்கும் மரபுவாதிகளுக்கும் நடந்துவரும் மோதலைப் பேசுவோர், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதிலேயே முனைகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நானூறு ஆண்டுகளில் திருச்சபை தன் வழிபாட்டைப் பலமுறை திருத்தியிருக்கிறது. சில திருத்தங்களைச் சபை சத்தமில்லாமல் ஏற்றது. சில பிளவில் போய் முடிந்தன. ஏன்? மாற்றம் பெரிதா சிறிதா என்பதைவிட, அது எந்த வழியாக வந்தது என்பதே இதைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். மக்களிடையே வாழும் வழக்கத்துக்கு இடம் விட்டு வந்த சீர்திருத்தம் நிலைத்தது. இணங்கவைக்கும் முன்பே தண்டனையைக் கையில் எடுத்த சீர்திருத்தம் பூசலை வளர்த்தது.

முதல் சான்று, மரபுவாதிகள் தங்கள் சாசனமாகக் கொண்டாடும் 1570ஆம் ஆண்டின் திருப்பலி நூலே. திரெந்து சங்கம் முடிந்த ஏழாம் ஆண்டில், திருத்தந்தை ஐந்தாம் பயஸ் இலத்தீன் திருச்சபை முழுமைக்கும் ஒரே திருப்பலி நூலை விதித்தார். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த முறைகளை ஒரே ஆணையில் ஒழுங்குபடுத்திய பெரிய காரியம் அது. ஆனால் அதே ஆணை, இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வழங்கிவந்த முறைகளுக்கு விலக்கு அளித்தது. அதனால் மிலான் நகரின் அம்புரோசிய முறை தப்பியது. தொலேதோவின் மொசரபு முறை தப்பியது. தொமினிக்கன் சபையாரும் கார்த்தூசியரும் தங்கள் முறைகளை வைத்துக்கொண்டனர். அதிகாரம் தன் உச்சத்தில் இருந்த காலத்திலும், பழகிய வழக்கத்துக்குத் தனி உரிமை உண்டு என்று அந்த அதிகாரமே எழுதிக் கொடுத்தது. இந்த ஆணை, பிற்காலத்தில் கண்டதுபோன்ற கிளர்ச்சியை எழுப்பாமல் ஐரோப்பாவில் ஊன்றியதற்கு இந்த விட்டுக்கொடுப்பு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கேரளத்தில் இதற்கு நேர்மாறானது நடந்தது. 1599இல் கோவாப் பேராயர் மெனேசிசு உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவர்களின் சுரியானி வழிபாட்டை இலத்தீன் அச்சில் வார்க்க முற்பட்டது. ஐயத்துக்கு உரியவை என்று கருதப்பட்ட சுரியானி ஏடுகள் திருத்தப்பட்டன, எரிக்கவும்பட்டன. உரோமையிடம் மிலானுக்குக் கிடைத்த சலுகை மலபாருக்குக் கிடைக்கவில்லை. 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் சிலுவை முன் திரண்டு, இயேசு சபைத் தலைவர்களுக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று மக்கள் சத்தியம் செய்தனர். கூனன் குரிசுச் சத்தியம் என்று வரலாறு சொல்லும் அந்த நாளில் விழுந்த விரிசல் இன்றுவரை மூடவில்லை. பின்னர் பலர் உரோமையோடு மீண்டும் ஒன்றினர். மற்றவர்கள் அந்தியோக்கியாவின் பக்கம் போயினர்.

தமிழ் மண்ணிலும் இதே பாடம் எழுதப்பட்டது. 1606இல் மதுரை வந்த மிஷனரி இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்களே என்று வாதாடினார். 1623இல் உரோமை அவற்றுக்கு இசைவு தந்தது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் வேறு முடிவு எடுத்தார். அவர் விதித்த ஆணைகளில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அக்கால உரோமைச் சடங்கின்படி, திருமுழுக்குக் கொடுக்கும் குரு தம் எச்சிலைத் தொட்டுப் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். எச்சில் தீட்டு என்று கருதும் நாட்டில் மிஷனரிகள் இதை விட்டுவிட்டனர். விடக்கூடாது என்றார் தூர்னோன். திருமுழுக்கு செல்லுபடியாவதற்கு எச்சில் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். சடங்கு நூலில் இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின், 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் பெரும்பாலும் அவர் பக்கமே முடிவு சொன்னார். இவ்விதிகளை மீற மாட்டோம் என்று மிஷனரிகள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது; அந்தப் பிரமாணம் 1940இல்தான் நீக்கப்பட்டது. அதிலிருந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, 1969இல் ஆரத்தி, அஞ்சலி, எண்ணெய் விளக்கு உள்ளிட்ட பன்னிரண்டு இந்தியத் தழுவல்களை அதே உரோமை ஏற்றுக்கொண்டது. ஒரு தலைமுறை தண்டித்ததை இன்னொரு தலைமுறை வரவேற்கிறது என்றால், தண்டிப்பதில் அவசரம் வேண்டாம் என்பதுதான் பொருள்.

இந்தப் பின்னணியில் இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4ஆம் நாள் 2147 ஆதரவு வாக்குகளும் 4 எதிர்ப்பு வாக்குகளுமாக நிறைவேறியது. அதில் கையொப்பமிட்ட ஆயர்களில், பின்னாளில் மரபுவாதிகளின் தலைவரான மார்செல் லெபேவரும் ஒருவர். இலத்தீன் காக்கப்பட வேண்டும், தாய்மொழிக்கும் கூடுதல் இடம் தரலாம் என்றே ஏடு சொன்னது. குரு மக்களை நோக்கி நிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் ஏட்டைச் செயற்படுத்தும் பொறுப்பேற்ற குழு வேகமாக நடந்தது. 1965 மார்ச்சில் திருத்தந்தை ஆறாம் பவுலே உரோமைப் பங்கு ஒன்றில் இத்தாலிய மொழியில் பூசை வைத்தார். 1967இல் நற்கருணை மன்றாட்டும் தாய்மொழிக்கு வந்தது; 1968இல் புதிய மன்றாட்டுகள் மூன்று சேர்ந்தன; 1969 திருவருகைக் காலத்தில் முழுப் புதிய திருப்பலி முறையே நடைமுறைக்கு வந்தது. பெரும்பான்மை மக்கள் தாய்மொழியை மகிழ்ச்சியோடு ஏற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஐந்தாறு ஆண்டுகளில் பீடம் திரும்பியது, மொழி மாறியது, மௌனமாகச் சொல்லப்பட்ட மன்றாட்டு உரக்க ஒலித்தது. பழையதை விரும்பியவர்களுக்கு, வயது முதிர்ந்த குருக்கள் தனியே பூசை வைக்கும் சலுகை தவிர, பெரும்பாலான இடங்களில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. இங்கிலாந்து மட்டும் ஒரு விதிவிலக்கு. கத்தோலிக்கரல்லாத அகதா கிறிஸ்டி உள்ளிட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் விடுத்த வேண்டுகோளை அடுத்து, 1971இல் அந்நாட்டுக்குச் சிறு அனுமதி கிடைத்தது. 1570இல் இருநூறு ஆண்டு வழக்கத்துக்குக் கிடைத்த மரியாதை, 1970இல் நானூறு ஆண்டு வழக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் மரபுவாதம் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிந்தது. புதிய முறையையே இலத்தீனிலும் கிரகோரியன் இசையோடும் பழைய கம்பீரத்தோடு நடத்தியவர்கள் ஒரு பள்ளி. சுவிட்சர்லாந்தின் எக்கோனில் குருமடம் நிறுவி, 1970இல் புனித பத்தாம் பயஸ் சகோதரத்துவத்தைத் தொடங்கிய லெபேவர் வழியினர் இன்னொன்று. பாளையங்கோட்டையிலும் இவர்களுக்கு இல்லம் உண்டு. உரோமையில் இப்போது உண்மையான பாப்பரசரே இல்லை, இருக்கை காலி என்று சொல்லும் தீவிரர்கள் மூன்றாவது. லெபேவர் 1976இல் தடையை மீறிக் குருக்களைத் திருநிலைப்படுத்தியதால் பணித்தடை பெற்றார். 1988 மே 5இல், உரோமையின் சார்பில் பேசிய கர்தினால் ராட்சிங்கரோடு உடன்பாட்டில் கையொப்பமிட்டு, மறுநாளே பின்வாங்கினார். ஜூன் 30இல் பாப்பரசரின் ஆணையின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்திச் சபைவிலக்குக்கு ஆளானார். அதே ஆண்டு ஜூலையில், அவரோடு போக மறுத்த குருக்கள் சிலர் புனித பேதுருவின் குருத்துவச் சகோதரத்துவத்தை அமைத்து, பழைய முறையோடே உரோமையின் ஒன்றிப்பில் நின்றனர். இது நான்காவது பள்ளி.

இங்கே ஒரு மறுப்பு எழும். லெபேவரின் வழக்கு வெறும் பூசை முறை பற்றியதா? சமயச் சுதந்திரம், பிற சபைகளோடு உரையாடல் ஆகியவற்றையும் அவர் எதிர்த்தாரே. பழைய பூசையை அள்ளிக் கொடுத்திருந்தாலும் அவர் அடங்கியிருப்பாரா? அடங்கியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. இந்த மறுப்பு உண்மை. ஆனால் அது நம் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. பழைய முறையைச் சட்டபூர்வமாகக் காக்கலாம் என்ற வழி திறந்தவுடனே, கோட்பாட்டுக்காகச் சண்டையிட்டவர்களும் வழிபாட்டுக்காக ஏங்கியவர்களும் தாமே பிரிந்தனர். பிரேசிலின் காம்போசில் லெபேவருக்குத் துணைநின்ற ஆயரின் வழிவந்த குழுவே 2002இல் உரோமையோடு ஒப்புரவானது. கதவு மூடியிருந்தவரை இந்த இரு கூட்டத்தாரையும் எதிர்ப்பு ஒரே அணியில் கட்டிவைத்திருந்தது.

2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இதை உணர்ந்தே, ஒரே உரோமை முறையின் இரு வடிவங்கள் என்று இரண்டையும் ஏற்றார். 2021 ஜூலை 16இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஏற்பாட்டைத் திரும்பப் பெற்றார். பழைய முறைக்கான அனுமதி மறைமாவட்ட ஆயரின் கைக்கும், புதிய குருக்களைப் பொறுத்தவரை உரோமையின் கைக்கும் போயிற்று. அவர் சொன்ன காரணத்தை எளிதில் தள்ள முடியாது. பழைய முறை சில இடங்களில் சங்கத்தையே நிராகரிப்பதற்கு அடையாளமாகிவிட்டது. ஒற்றுமைக்குத் தந்த சலுகை பிரிவினைக்குப் பயன்பட்டது என்றார். சங்கத்தை ஏற்காதவருக்குச் சபையின் ஒன்றிப்பு ஏது என்ற கேள்வி சரியானதே. ஆனால் அதற்கான மருந்து, அந்தக் கொள்கையைச் சொல்பவரிடம் விளக்கம் கேட்பது. அதே பூசையைக் கண்டு அமைதியாக வீடு திரும்பும் குடும்பங்களைப் பங்குக் கோயிலிலிருந்து வெளியேற்றுவது மருந்தாகாது. ஒற்றுமை என்றால் ஒரே அச்சு என்று கொண்டால், இருபதுக்கும் மேற்பட்ட கீழைத் திருச்சபைகள் தத்தம் வழிபாட்டோடு உரோமையின் ஒன்றிப்பில் இருப்பதை எப்படி விளக்குவது?

நம் அண்டையிலுள்ள சீரோ மலபார் திருச்சபை இந்த வாதத்துக்கு எதிர்த்திசையிலிருந்து சான்று தருகிறது. அங்கே பழைமையை மீட்கப் புறப்பட்டது தலைமை. நற்செய்திப் பகுதியில் குரு மக்களை நோக்கியும், நற்கருணை மன்றாட்டில் பீடத்தை நோக்கியும் நிற்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு ஆயர் மன்றத்தின் முடிவு. 2021 நவம்பர் 28 முதல் அதை எல்லாரும் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மன்றம் ஆணையிட்டது. எறணாகுளம் அங்கமாலி உயர்மறைமாவட்டக் குருக்களும் மக்களும் மறுத்தனர். அரை நூற்றாண்டாகப் பூசை முழுவதும் மக்களை நோக்கியே நடந்துவந்தது. அவர்களுக்கு அதுவே மரபாகிவிட்டது. 2022 கிறிஸ்துமஸ் நேரத்தில் எறணாகுளம் பசிலிக்காவுக்குள்ளே கைகலப்பு மூண்டு கோயில் பூட்டப்பட்டது. திருத்தந்தையின் பிரதிநிதி வந்தார். திருத்தந்தையே காணொளியில் வேண்டினார். 2024 ஜூனில் சபைவிலக்கு எச்சரிக்கையும் வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. இறுதியில், ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் ஒரு பூசையாவது பொது முறையில் நடக்கட்டும் என்ற உடன்பாட்டினால்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அங்கே தலைமை மரபின் பக்கம், லத்தீன் பூசை மோதலில் தலைமை புதுமையின் பக்கம். இரண்டு இடத்திலும் முட்டிக்கொண்டது ஆணையும் பழக்கமுமே.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. வழக்கம் என்றால் எல்லாமே புனிதமா? வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவரும் வழக்கம்தானே? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபைத் தலைமை அந்தச் சுவரை இடித்தபோது, மேல்சாதித் தரப்பு நீதிமன்றம் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிய உரிமையை ஏற்கவில்லை. தலைமை அன்று செய்தது சரி. விளைவுக்கு அஞ்சித் தயங்கியிருந்தால்தான் பழி. தெ நொபிலியின் முறைக்கும் இந்த உரைகல் பொருந்தும். பூணூலை ஏற்றபோது சாதியையும் சேர்த்து ஏற்ற குறை அதில் உண்டு. ஆக, ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்பதில்லை. அயலானை இழிவுபடுத்தும் வழக்கத்தையும், சபையின் ஒன்றிப்பை உடைத்துத் தனக்கென்று ஆயரை ஏற்படுத்திக்கொள்ளும் செயலையும் தலைமை தடுத்தே ஆக வேண்டும். பீடத்தின் திசைக்கும் செப மொழிக்கும் அதே தண்டத்தைத் தூக்குவதுதான் தவறு.

மரபுவாதிகளும் ஒரு கணக்குக் கொடுக்க வேண்டும். மாறாதது என்று அவர்கள் ஏந்தும் நூல் 1604இலும் 1634இலும் திருத்தப்பட்டது. நூற்றாண்டுக்கணக்கில் சனிக்கிழமைக் காலையில் நடந்த பாஸ்கா திருவிழிப்பைப் பன்னிரண்டாம் பயஸ் இரவுக்கு மாற்றினார். மாறாத மன்றாட்டு என்று போற்றப்பட்டதில் 1962இல் இருபத்திமூன்றாம் யோவான் புனித சூசையப்பர் பெயரைச் சேர்த்தார். பாப்பரசர் தந்த நூலைக் காட்டி, அதை மாற்றப் பாப்பரசருக்கு உரிமையில்லை என்று வாதிடுவது நிற்காது. தங்கள் பூசையே உண்மையான பூசை, பங்குக் கோயிலில் நடப்பது குறைபட்டது என்று பேசும்வரை, அவர்கள் கேட்கும் சலுகையைத் தலைமை ஐயத்தோடுதான் பார்க்கும்.

வழிபாட்டு முறை தலைமையின் கையில் ஒப்படைக்கப்பட்ட பொதுச் சொத்து. அதைக் காக்கவும் செப்பனிடவும் தலைமைக்கு உரிமை உண்டு, ஒரே நாளில் கைமாற்றிவிட உரிமை இல்லை. ஆயர்கள் ஆணையை எழுதுமுன் பங்கு மக்களிடம் பத்தாண்டு பேசட்டும். 1570இன் இருநூறு ஆண்டு விதியைப் போல ஒரு விதிவிலக்கையும் அதே ஏட்டில் எழுதட்டும். பழைய முறையை நேசிப்போர், அடுத்த கோயிலில் தமிழிலோ மலையாளத்திலோ பூசை காணும் அண்ணன் தம்பிகளும் அதே பலியில்தான் பங்கேற்கிறார்கள் என்பதை வாயாரச் சொல்லட்டும். இவையெல்லாம் நடக்கும் இடத்தில் சபைவிலக்குக் கடிதங்களுக்கு வேலை இருக்காது.