லேடி டியோர்: ஒரு கைப்பையை வாசித்தல்

1981 ஜூலையில் லண்டனில் நடந்த அந்தக் கல்யாணத்தின் வண்ணப்படம் ஒன்று எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு மேலே ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. ஏதோ ஆங்கில வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டியவள் அக்கா. நான் அப்போது கல்லூரியில் மார்க்சியம் படித்துக்கொண்டிருந்தேன் (வகுப்பில் அல்ல, மரத்தடியில்). ‘இருநூறு வருஷம் நம்மை உறிஞ்சினவன் வீட்டுக் கல்யாணம் நம்ம சுவத்துல எதுக்கு?’ என்று கேட்டேன். அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘இவ்வளவு துணி எடுத்துட்டு இப்படிக் கசங்க விட்டுட்டாங்களேடா. பட்டு டாஃபெட்டாவை வண்டிக்குள்ள மடிச்சுத் திணிச்சா சுருக்கம் விழாம என்ன பண்ணும்?’ என்றாள். டேவிட், எலிசபெத் இமானுவேல் என்ற இருவர் வடிவமைத்த உடை அது. பின்னால் இழுபடும் பகுதி மட்டும் 25 அடி. இளவரசியின் முகத்தைப் பற்றி அக்கா எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் படத்தை மறுபடி நினைக்க வைத்தது ஒரு கைப்பை. சென்னை நடைபாதைக் கடை ஒன்றில் அக்கா மகள் பேரம்பேசி வாங்கிவந்தது. கறுப்பு ரெக்ஸின், மேலெல்லாம் சாய்சதுரத் தையல், பிடியிலிருந்து தாயத்துப் போலத் தொங்கும் நான்கு உலோக எழுத்துகள். ‘இது டயானா பை மாமா’ என்றாள். டயானா இறந்த பிறகு பிறந்தவள் அவள். பெயர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பெயர் ஒரு உடம்பிலிருந்து கழன்று ஒரு பண்டத்தின்மேல் போய் உட்காரும் வழி என்ன என்பதே இங்கே என் கேள்வி.

ரொலான் பார்த்தின் ‘தொன்மங்கள்’ நூலில், ஐரோப்பிய அரச குடும்பங்கள் 1954இல் சேர்ந்துபோன ஒரு கப்பல் உல்லாசப் பயணத்தைப் பற்றிய சின்னக் கட்டுரை இருக்கிறது. கிரேக்க ராஜா அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறார், ராணி பூப்போட்ட சாதாரண உடுப்பு உடுத்தியிருக்கிறார் என்று பத்திரிகைகள் வாயைப் பிளந்ததை அவர் பிடித்துக்கொள்கிறார். ராஜா தானே சவரம் செய்துகொள்வது செய்தி ஆகிறதென்றால், அவர் நம்மைப்போல் இல்லை என்பதை நாம் முன்கூட்டியே ஒத்துக்கொண்டாயிற்று. சாமானியம் அங்கே ஒரு வேஷம், அதுவும் சில நாள் வேஷம். சரிதான். ஆனால் ராஜா நம் உடுப்பை இரவல் வாங்குவதோடு பார்த்தின் கதை முடிந்துவிடுகிறது. நாம் ராணியின் பொருளை விலைகொடுத்து வாங்குவது இதன் மறுபக்கம். இந்த இரண்டு போக்குவரத்துக்கும் நடுவே கல்லாப்பெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் பார்த்தின் கண்ணில் அவர் படவில்லை என்பது என் புகார்.

அவரைப் பார்க்க இரண்டு பைகள் உதவும். முதலாவது ஹெர்மேஸ் நிறுவனத்தின் கெல்லி. 1930களிலேயே விற்பனையில் இருந்த பைதான். 1956இல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி மொனாகோ இளவரசர் மூன்றாம் ரெய்னியரைக் கட்டிக்கொண்டார். அந்த வருஷமே, கர்ப்பமாயிருந்த வயிற்றைப் புகைப்படக்காரர்களிடமிருந்து மறைக்க இந்தப் பையை முன்னால் பிடித்துக்கொண்டார் என்பது வழங்கிவரும் கதை. மறைப்பதற்குத் தூக்கிய பொருள் அவரைக் காட்டும் குறியாகிவிட்டது. நிறுவனம் அதிகாரபூர்வமாக ‘கெல்லி’ என்று பெயர் வைத்தது 1977இல். இருபது வருஷத்துக்கு மேல் வாங்குகிறவர்களே அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவைத்த பெயரை நிறுவனம் சும்மா எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, எங்கள் வீட்டுக்கு நகலாக வந்த பை. 1995 செப்டம்பரில் பாரிஸ் கிராண்ட் பலேயில் செசான் ஓவியக் கண்காட்சி. அதையொட்டி பிரெஞ்சு ஜனாதிபதியின் மனைவி பெர்னாடெட் ஷிராக் டயானாவுக்கு டியோர் நிறுவனத்தின் புதுப் பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ராணியின் தலையை வெட்டிய குடியரசு ஒரு இளவரசியின் கைக்குப் பை கொடுக்கிறது, போகட்டும். பையின் அப்போதைய பெயர் ‘ஷூஷூ’, செல்லம் என்கிற மாதிரி. நவம்பரில் அர்ஜென்டினாவுக்குப் போனபோது அவர் கையில் அது இருந்தது. படங்கள் உலகம் சுற்றின. 1996இல் பையின் பெயர் ‘லேடி டியோர்’ ஆயிற்று.

அந்த வருஷத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1996 ஆகஸ்ட் 28இல் விவாகரத்து முடிந்தது. ‘ஹெர் ராயல் ஹைனஸ்’ என்ற மரியாதைப் பட்டத்தை அரண்மனை திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரு வீடு பட்டத்தைப் பறித்த அதே வருஷம் இன்னொரு வீடு அவரை நினைவூட்டும் பட்டமொன்றைப் பைக்குச் சூட்டுகிறது. அதுவும் எந்தப் பட்டம்? ‘லேடி’ கல்யாணத்தால் வந்ததில்லை. 1975இல் தகப்பனார் எர்ல் ஆனபோது மகளுக்கு வந்தது, பிறந்தவீட்டுப் பட்டம். கெல்லி என்பதும் அப்படித்தான். ஃபிலடெல்பியாவில் கொத்தனாராகத் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரரான ஒருவரின் குடும்பப்பெயர் அது. அரண்மனை கொடுத்த பெயரை வியாபாரி எடுத்துக்கொண்டால் வழக்கு வரும். ஆகவே அவன் அவளுடைய பிறந்தவீட்டுக்குப் போகிறான். மருமகளிடமிருந்து அரண்மனையால் பறிக்க முடியாத ஒன்று உண்டென்றால் அதைக் கச்சிதமாகக் கண்டுபிடித்தது பெண்ணியம் அல்ல, சந்தை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைக் கூப்பிட்ட ‘லேடி டை’யின் கடைசி இரண்டு ரோமன் எழுத்துகளும் டியோரின் முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்றே, உச்சரிப்புதான் வேறு. மிச்சமிருக்கும் இரண்டெழுத்து ‘ஓர்’. பிரெஞ்சில் பொன் என்று அர்த்தம். குறிப்பான் இவ்வளவு வெளிப்படையாகக் கண்சிமிட்டுவது அபூர்வம்.

வீடு என்று சொன்னேன். உருவகமாக அல்ல. ஆங்கிலத்தில் விண்ட்ஸர் வம்சமும் ‘ஹவுஸ்’, துணிக்கடையும் ‘ஹவுஸ்’. பிரெஞ்சுக்காரர்களுக்கும் கடை ‘மெஸோன்’தான். விண்ட்ஸர் என்ற பெயர்கூட 1917இல் வைத்துக்கொண்டது. ஜெர்மனியோடு சண்டை நடக்கும்போது சாக்ஸ்-கோபர்க் என்ற ஜெர்மன் பெயர் போணியாகவில்லை, பலகையை மாற்றினார்கள். வியாபாரிகளுக்கு இது நன்றாகப் புரியும்.

பழைய முறை வேறு. பாரிஸில் 1854இல் கடை திறந்த லூயி வுய்த்தோன், மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்குப் பெட்டிகட்டிய கைவினைக்காரர். 1858இல் ரூ த லா பே தெருவில் தொடங்கிய சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த்தும் அதே மகாராணியின் ஆதரவில் வளர்ந்தவர். ராணி முதலில், கடை பின்னால். அரண்மனைக்குச் சரக்கு கொடுப்பவன் என்பதே கடைக்காரனின் மானம். 1870இல் பேரரசு கவிழ்ந்தது. கடைகள் கவிழவில்லை. லேடி டியோர் பைமேல் ஓடும் சாய்சதுரத் தையல் ஒரு பிரம்பு நாற்காலிப் பின்னல். 1947இல் தன் முதல் உடைக்காட்சியைப் பார்க்க வந்தவர்களை கிறிஸ்தியான் டியோர் உட்காரவைத்தது மூன்றாம் நெப்போலியன் காலப் பாணி நாற்காலிகளில். ராஜா போய், நாற்காலி மிஞ்சி, நாற்காலியும் போய் அதன் பின்னல் மட்டும் தோல்மேல் தையலாக நிற்கிறது. பெட்டிகட்டியவரின் கடையும் இந்தப் பையின் கடையும் இன்று ஒரே குழுமத்துக்குச் சொந்தம். வம்சாவளி என்றால் இதுதான்.

இதையெல்லாம் பொம்மலாட்டமாகவே பார்த்துவிட்டால் தப்பு. 1997 செப்டம்பரில் நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். டயானா இறந்து சில நாட்கள். ஒரு சின்னக் கூட்டத்தில், ‘உலகம் ஒரு குறிப்பானுக்காக அழுகிறது, குறிப்பீடு எப்போதோ காலி’ என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ‘ரெண்டும் ஆம்பளப் பசங்கடா, சின்னப் பசங்க’ என்றாள். என்னிடம் சொல் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் குறிகளைக் கையாளத் தெரிந்திருந்தது. 1994 ஜூன் 29 இரவு, சார்லஸ் தொலைக்காட்சியில் தன் துரோகத்தை ஒத்துக்கொண்ட அதே நேரத்தில், அவர் கிறிஸ்டினா ஸ்டம்போலியன் தைத்த கறுப்பு உடையில் ஒரு கலைக்கூட விருந்தில் வந்து இறங்கினார். வாயைத் திறக்கவில்லை; மறுநாள் பத்திரிகைகளில் உடைதான் பேசிற்று. 1997 ஜூனில் நியூயார்க்கில் தன் உடுப்புகள் 79ஐ ஏலத்துக்கு விட்டார். முப்பது லட்சம் டாலருக்கு மேல் வந்த தொகை புற்றுநோய், எய்ட்ஸ் பணிகளுக்குப் போயிற்று. தன் பிம்பத்தை மற்றவர்கள் விற்றுக்கொண்டிருக்க, தானே விற்று, பணம் யாருக்கு என்பதையும் தானே தீர்மானித்த காரியம் இது. சுரண்டப்படும் பிம்பம் என்ற என் வாய்ப்பாட்டில் இதற்கு இடமே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 31 அதிகாலையில் விபத்துக்குள்ளான கார் கிளம்பியது பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலிலிருந்து. ஹோட்டல் இருக்கும் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்திலிருந்துதான் வொர்த் கடை போட்ட ரூ த லா பே தொடங்குகிறது.

அக்கா மகளின் பைக்கு வருகிறேன். நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா அதை வாங்கிக் கவிழ்த்து, உள்பக்கத்தைப் பிதுக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தையலைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு ஊசி கோக்கக் கண் தெரிவதில்லை. ‘லைனிங் ஒட்டுப் போட்டது. மூலையில தையல் பிரியும் பாரு’ என்றாள். பிறகு, ‘நிஜப் பை தைக்கிறவங்களுக்கு என்னடா கூலி?’

நாற்பது வருஷமாகக் குறியியல் பேசியவனுக்குத் தோன்றாத கேள்வி. தேடினேன். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திக் கிளை ஒன்றைத் தன் கண்காணிப்பு நிர்வாகத்தின்கீழ் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளிகள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள், வேலை வேகமாக ஓடுவதற்காக மெஷின்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள் என்று ஆவணங்கள் சொல்லின. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்குப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ, தோல் விலை சேராமல். அந்தப் பட்டறைகளோடு உறவை முறித்துக்கொண்டதாக நிறுவனம் சொல்லிற்று. 2025 பிப்ரவரியில், குறித்த கெடுவுக்கு முன்பே, நீதிமன்றம் கண்காணிப்பை விலக்கிக்கொண்டது.

ரூபாயில் கணக்குப்போட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரவிக்கைக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் கடைக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்தவள்.

‘தோலு அவங்க கொடுத்துருவாங்க, சரி. நூலு யாருது?’ என்றாள்.