கப்பும் நமக்கு, வழக்கும் நமக்கு

மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுப்பு கழிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது, எங்கள் ஊர்ப் பக்கம் வாலிபால் போட்டி நடக்கும். டியூப் லைட் கட்டி, விடியவிடிய ஆடுவார்கள். ஜெயித்தவனுக்குக் கப்பு ஒன்று, ஏத்தன் குலை ஒன்று. ஒரு வருஷம் ஃபைனலுக்கு எங்களுக்கு ஆள் போதவில்லை. பக்கத்து ஊரில் ஒருத்தன் உண்டு. எழும்பி அடித்தானென்றால் எதிரே நிற்பவன் பந்தைப் பார்க்கமாட்டான், சத்தத்தைத்தான் கேட்பான். ஆனால் வாய் சரியில்லை. கையும் சரியில்லை.

டீக்கடை பெஞ்சில் ராத்திரி கூட்டம். மூத்த அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: 'அவனக் கூட்டியாந்தா கப்பு நமக்குத்தாம்வே. வழக்கும் நமக்குத்தான். எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்கோ.' கூட்டி வந்தோம். அந்தக் கதை பிறகு.

2018 ஜனவரி கடைசியில், பெங்களூரு ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அம்பட்டி ராயுடுவை 2.2 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கு ராயுடுவின் பூர்வ கதை தெரிந்திருக்கலாம். 2002இல் பதினாறு வயதில் இங்கிலாந்தில் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டமொன்றில் 177 ரன், ஆட்டமிழக்காமல். 2004 இளையோர் உலகக் கோப்பைக்கு இந்தியக் கேப்டன். அடுத்த டெண்டுல்கர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. பிறகு ரஞ்சி ஆட்டமொன்றில் களத்திலேயே கைகலப்பு, 2007இல் ஐ.சி.எல். பக்கம் போய்த் தடை, 2009இல் பொதுமன்னிப்பு. இந்தியச் சட்டை போட 2013 ஆகிவிட்டது. இடையில், 2012 ஐ.பி.எல்.லில் ஹர்ஷல் படேலைத் திட்டியதற்கு ஒரு ஆட்டச் சம்பளம் முழுதும் அபராதம். 2016இல் சொந்த அணியின் ஹர்பஜனோடே களத்தில் முறைப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹர்பஜனையும் அதே 2018 ஏலத்தில் சென்னைதான் எடுத்தது. 2008இல் ஸ்ரீசாந்தைக் கன்னத்தில் அறைந்தாரே, அவரேதான். மாமியாரும் மருமகளும் ஒரே அடுக்களையில்!

ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சையது முஷ்டாக் அலி போட்டியில் ஹைதராபாத்துக்கு ராயுடு கேப்டன், எதிரே கர்நாடகம். எல்லைக் கயிற்றில் ஃபீல்டரின் கால் பட்டதை நடுவர் கவனிக்கவில்லை. கர்நாடகத்தின் கணக்கில் 203 ரன். இடைவேளையில் அது 205 ஆனது. ஹைதராபாத் கடைசியில் அடித்தது 203. ரெண்டே ரன்னில் தோல்வி! உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? ராயுடுவுக்கும் வந்தது. நடுவர்களோடு மல்லுக்கு நின்றார், களத்தைவிட்டு நகர மறுத்தார்கள். அதே மைதானத்தில் அடுத்து ஆட வேண்டிய கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் இருபது ஓவர் பதிமூன்றாகச் சுருங்கியது.

ராயுடுவின் நியாயத்தைப் பேச ஆள் உண்டு. எனக்கு அந்தப் பறிபோன ஓவர்கள்தான் உறுத்தின. ஐ.பி.எல். ஆட்கள் பார்க்கிறார்களா என்று ஏக்கத்தோடு காத்திருந்த பையன் எவனோ ஒருவனுக்கு அன்று பேட்டிங்கே கிடைக்காமல் போயிருக்கும். அவனுக்கும் அந்த ரெண்டு ரன்னுக்கும் என்ன சம்பந்தம்?

ஏலம் முடிந்த சூட்டோடு வாரியம் ராயுடுவுக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. சென்னை அணியோ, பெட்டிங் விவகாரத்தில் 2016, 2017 இரண்டு வருஷமும் வெளியே நின்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. தண்டனை முடிந்து வந்தவன், தண்டனை வாங்கப்போகிறவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். ஒழுக்கம் பேச அவர்களுக்கு வாய் இருந்திருக்காது.

அந்த வருஷம் ராயுடு 602 ரன் அடித்தார். காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போக, அங்கே ஹைதராபாத்துக்கு எதிராக ஒரு நூறு. கோப்பை சென்னைக்கு. உடனே நம் ஆட்கள் தலைகீழானார்கள். 'திமிர்' என்று சொன்ன வாயே 'ரோஷம்' என்றது. 60 ரன் அடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தனின் குணத்தை ஸ்கோர் போர்டில் பார்த்துச் சொல்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ!

நான் சென்னையைப் பாராட்டுவது வேறொன்றுக்காக. போட்டி தொடங்கும் முன்பே ராயுடுவுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்திருந்ததாகத் தோனி சொன்னார். மும்பையில் அணிக்குத் தோதாக எங்கெங்கோ இறங்கியவரைச் சென்னை பெரும்பாலும் மேலே ஆடவைத்தது. இது உன் இடம், பதறாதே என்பதற்கு மேல் அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன சொல்லிவிட முடியும்? 2019 உலகக் கோப்பைக்குத் தேர்வாளர்கள் அதைத்தான் செய்யவில்லை. மாதக்கணக்கில் நான்காம் இடம் உனக்கு என்று காட்டிவிட்டு, முப்பரிமாண ஆட்டக்காரர் என்று நம்ம விஜய் சங்கரைக் கூட்டிப்போனார்கள். ராயுடு முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ட்வீட் போட்டார். சங்கருக்கு அடிபட்டபோதும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவரை விட்டுவிட்டு மயங்க் அகர்வாலை அழைத்தார்கள். ஒருநாள் ஆட்டத்தில் சராசரி 47 வைத்திருந்த மனுஷன், ஜூலையில் ஓய்வு என்றார். ஆகஸ்டில் இல்லை என்றார். சென்னை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. 2023 அகமதாபாத் ஃபைனலோடு நிஜமாகவே விடைபெற்றபோது, கோப்பையை வாங்க அவரையும் ஜடேஜாவையும் தோனி முன்னால் தள்ளினார்.

ஆக, எடுக்கலாமா என்று கேட்டால் எடுக்கலாம் என்பேன். ஆனால் அவனுக்கு இடம் போடுகிறவன், அவனால் அடிபடப்போகிறவனுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டாமா? அந்த ஏற்பாடு எந்த அணியிலும் என் கண்ணில் பட்டதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஃபைனல் ஜெயித்தோம். கடைசி செட்டில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தர்க்கம். நம்ம ஆள் ரெஃபரியின் சட்டையைப் பிடித்து ஒரு தள்ளு. ரெஃபரி எங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லித்தந்த சார்தான். சம்பளம் கிம்பளம் கிடையாது, வருஷாவருஷம் ஒரு டீயும் ரெண்டு ஏத்தம்பழமும்தான். வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார், மீதி ஆட்டத்தையும் ஒழுங்காக நடத்தி முடித்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, மேசையில் கப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நாங்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினோம். அடுத்த வருஷம் சாரைக் கூப்பிடப் போனபோது, வீட்டுக்குள் இருந்துகொண்டே 'இல்லைன்னு சொல்லு' என்று மகளிடம் அவர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.