2006-இல் வந்த கேமில் பும்ரா பந்து வீசுகிறார்!

கிரிக்கெட் வீடியோ கேம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான்: இஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’. கனடாவின் ஹெச்பி ஸ்டுடியோஸ் உருவாக்கி 2006 நவம்பரில் வெளிவந்த கேம். அந்த வரிசையில் அதுவே கடைசி. ஐபிஎல் பிறந்ததோ 2008 ஏப்ரலில்! ஆனாலும் அதே கேமில் சிஎஸ்கேவை வைத்துக்கொண்டு மும்பை இந்தியன்ஸைப் புரட்டி எடுக்கிறேன். அதாவது, அதில் நாம் ஆடும் ஐபிஎல் முழுக்க முழுக்க ரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்து தந்த ‘பேட்ச்’, பழைய கேமின் மேல் ஒட்டும் புது ஃபைல்கள். அடடா, என்ன மனுஷர்கள்!

மும்பையின் காட்கோபர் கிழக்கில் காமராஜ் நகர்ப் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதன் ருசி தனி. வீட்டுக்குள் மஞ்சள் கட்சி, வாசல் தாண்டினால் நீலக் கட்சி. வெயில் காலத்தில் கல்லி கிரிக்கெட். மும்பை மழை பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டர்தான் மைதானம். “அரே, இந்த வருஷ ஜெர்சி வந்துடுச்சுடா!” என்று ஒருவன் பென்டிரைவோடு ஓடிவந்தால், அன்றைக்கு ஒருவருக்கும் படிப்பு ஓடாது.

அந்த ஜெர்சிக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பாருங்கள். கேமுக்கு இந்திய அணியின் உரிமம் கிடையாது. அதனால் நம் வீரர்களின் பெயர்களே திரிந்துதான் இருந்தன. முதலில் ரோஸ்டர் என்ற வீரர் பட்டியல் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் திறமை அளவையும் சரிசெய்ய வேண்டும். அடுத்தது சட்டை. உடம்பில் சுற்றப்படும் துணியைத் தட்டையான ஒரு படமாக விரித்து, அதில் தையல், லோகோ, எண் எல்லாம் வரைய வேண்டும். 2021-இல் சிஎஸ்கே தோள்பட்டையில் ராணுவ உடைக் கோலம் போட்டார்கள். அதையும் கம்ப்யூட்டரில் வரைந்தாக வேண்டுமே! 2022-இல் அணிகள் பத்தாயின, வேலையும் கூடியது. இவை போக முகங்கள், பேட் ஸ்டிக்கர், வான்கடே மைதானத்தின் கூரை, டிவியில் வருகிற மாதிரியே ஸ்கோர் பட்டை. ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் உண்டு.

எனக்குப் புல்லரிக்கும் இடம் வர்ணனை. கேமில் பேசுகிறவர்கள் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும். பெனோ 2015 ஏப்ரலில் காலமானார். பும்ரா இந்தியாவுக்கு முதன்முதலாக ஆடியது 2016 ஜனவரியில். பேட்ச் போட்ட கேமில் இந்தியாவுக்காகப் பும்ரா ஓடிவந்து பந்து வீச, பெனோ வர்ணிக்கிறார்! நிஜத்தில் நடக்கவே முடியாத ஒன்றை இந்தப் பையன்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

காசில்லாமல் ஏன் இந்தப் பாடு? லோகோவும் பெயரும் வாரியங்களுக்கும் கம்பெனிகளுக்கும் சொந்தம், விற்றால் வம்பு. ஆகவே பணத்தின் கதவு ஆரம்பத்திலேயே சாத்தியாகிவிட்டது. ஆனால் கதவு திறந்திருந்தாலும் இவர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் கட்சி. கணபதிக்குப் பந்தல் போடும் எங்கள் பேட்டைப் பசங்களைப் பாருங்கள்: ராத்திரி முழுக்கத் தூக்கம் விட்டு அலங்காரம் செய்வார்கள், கூலி கேட்க மாட்டார்கள், பக்கத்துத் தெருப் பந்தலைவிட நம்முடையது அழகு என்று நாலு பேர் சொன்னால் போதும். பேட்ச் செய்கிறவர்களும் அதே ஜாதி. முதலில் தன் ஆசைக்கு. கம்பெனி தரவில்லையா, நானே செய்துகொள்கிறேன் என்ற வீம்பு. அப்புறம் கைத்திறனைக் காட்டும் கர்வம். கடைசியில், “அடுத்த சீசன் எப்போ அண்ணா?” என்று காத்திருக்கும் கூட்டத்தின் உரிமை.

சைபர் கஃபேக்களில் நாம் விழுந்து விழுந்து ஆடிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’கும் இப்படிப் பிறந்ததுதான். 1999-இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ‘ஹாஃப் லைஃப்’ கேமை மாற்றி இலவசமாகச் செய்த ‘மோட்’ அது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு கடைக்குக் கொண்டுவந்தது. நம் கிரிக்கெட் ஆட்களுக்கு அப்படியொரு யோகம் அடிக்கவில்லை. அதனாலென்ன, கம்பெனி கைவிட்ட ஒரு கேமை இத்தனை வருடம் சாகவிடாமல் வைத்திருப்பதைவிடப் பெரிய சாதனை உண்டா?

பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் தூசு தட்டி ஒரு பேட்ச் போட்டுப் பாருங்கள். கூடவே வரும் ரீட்மீ ஃபைலைத் திறந்து, யார் யார் என்ன செய்தார்கள் என்று படித்துவிட்டு, ஒரு வரி நன்றி எழுதி அனுப்புங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம் அதுதான்!